நீங்கள் தூங்கும்போது பக்கம் வெளியாக வேண்டுமா? நேரம் குறித்து வெளியிடும் முறை

ஒரு அறிவிப்புப் பக்கத்தை இரவே எழுதி முடித்து, காலை 9 மணிக்கு வெளிவரும்படி நேரம் குறித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் 9:20-க்கு ஒருவர் கூப்பிட்டு, "பக்கமே இல்லையே" என்றார். பதறிப்போய்த் தளத்தைத் திறந்தேன். பக்கம் இருந்தது. "இருக்கிறதே, மறுபடி பாருங்கள்" என்றேன். அவரும் பார்த்தார், இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 9 மணிக்குப் பிறகு தளத்துக்குள் வந்த முதல் ஆள் அவர்தான். அவர் வந்ததால்தான் பக்கமே வெளியாகியிருக்கிறது. அதுவரை அந்தத் தளத்தில் மணி பார்க்க ஆளே இல்லை.

நேரம் குறித்து வெளியிடுவது, அதாவது ஷெட்யூல் செய்வது, பார்க்கச் சுலபமான வேலை. தேதியைத் தேர்ந்தெடு, நேரத்தைப் போடு, பொத்தானை அழுத்து, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் தளத்தில் மணி பார்ப்பது யார்? புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

மணி பார்ப்பவர் யார்?

தளம் நடத்த உதவும் மென்பொருள்களில் கோஸ்ட் போன்றவை சர்வரில், அதாவது தளம் இருக்கும் கணினியில், எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பவை. குறித்த நேரம் வந்ததும் அவையே எழுந்து பக்கத்தை வெளியிட்டுவிடும். நீங்கள் கவலைப்பட அதிகம் இல்லை.

ஜூம்லாவின் வழி வேறு, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் 'ஸ்டார்ட் பப்ளிஷிங்', 'ஃபினிஷ் பப்ளிஷிங்' என்று இரண்டு தேதிகள் உண்டு. யாராவது பக்கத்தைக் கேட்கும்போது, இப்போதைய நேரம் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். இருந்தால் காட்டும், இல்லையென்றால் காட்டாது. யாரும் எழுந்து எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதால், தவறிப்போவதற்கும் எதுவும் இல்லை.

வேர்ட்பிரஸ் ஆள் வந்தால்தான் கண் விழிக்கும் ரகம். யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான், "செய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா" என்று பார்க்கும். என் 9:20 கதை நடந்தது இப்படிப்பட்ட ஒரு தளத்தில்தான்.

ட்ரூபலில் இதற்கு 'ஷெட்யூலர்' என்ற கூடுதல் மாட்யூலை நிறுவுவது வழக்கம். அது ட்ரூபலின் 'கிரான்', அதாவது பாக்கி வேலைகளைக் குறித்த இடைவெளியில் ஓட்டும் ஏற்பாடு, ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். தானியங்கிக் கிரானின் இயல்பான இடைவெளி 3 மணி நேரம். அதை மாற்றாமல் விட்டால், 9 மணிக்குக் குறித்த பக்கம் பதினொன்றரைக்கு வந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது.

கடைசி வகை, பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாக உருவாக்கி வைக்கும் ஹியூகோ, ஜெக்கில் போன்ற நிலைத்தள உருவாக்கிகள். இங்கே மணி பார்க்க யாருமே இல்லை. தளத்தை மறுபடி உருவாக்கி ஏற்றினால்தான் எதுவும் மாறும். இதற்குப் பின்னால் தனியாக வருகிறேன்.

இழுத்துப் போட்டுத் தளம் அமைக்கும் சேவைகளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை முதலில் சரிபாருங்கள். பல சேவைகளில் வலைப்பதிவுக்கு நேரம் குறிக்கும் வசதி இருக்கும், 'எங்களைப் பற்றி' போன்ற சாதாரணப் பக்கத்துக்கு இருக்காது. வெளியீட்டு நாளுக்கு முந்தைய இரவு இது தெரியவந்தால் மிகவும் கசக்கும்.

நேரம் குறிப்பதற்கு முன் கடிகாரம்

எந்த மென்பொருளாக இருந்தாலும் தொடங்க வேண்டிய இடம் நேர மண்டலம்தான். வேர்ட்பிரஸில் 'செட்டிங்ஸ்' போய் 'ஜெனரல்' பக்கத்தைத் திறந்தால் 'டைம்ஸோன்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதன் கீழேயே தளம் இப்போது எத்தனை மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் எழுதியிருக்கும். அதை உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக நிறுவிய தளங்கள் பலவற்றில் இது யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்திலேயே நிற்கும்.

பட்டியலில் ஊர்ப் பெயர்களும் இருக்கும், 'யுடிசி+8' போன்ற எண்களும் இருக்கும். ஊர்ப் பெயரையே எடுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாடுகளில், ஊர்ப் பெயர் கொடுத்திருந்தால் தளமும் தானாகச் சேர்ந்து நகரும். எண் கொடுத்திருந்தால் அது இருந்த இடத்திலேயே நிற்கும், வருடத்தில் பாதி நாள் எல்லாம் ஒரு மணி நேரம் பிசகும்.

ஏற்கெனவே சில பக்கங்களுக்கு நேரம் குறித்துவிட்டு, அதன் பிறகு மண்டலத்தை மாற்றினால் என்ன ஆகும்? வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளூர் நேரம், பொது நேரம் இரண்டையும் சேமித்து வைக்கிறது. திரையில் தெரிவது உள்ளூர் நேரம், வெளியீட்டுக்குக் கணக்கில் எடுப்பது பொது நேரம். மண்டலம் மாறியதும் இந்த இரண்டுக்கும் பொருத்தம் போய்விடும். திரையில் காலை 9 என்றே இருக்கும், பக்கம் வேறு நேரத்தில் வரும். அதனால் மண்டலத்தைச் சரிசெய்தால், குறித்து வைத்த ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து நேரத்தை மறுபடி வைத்துவிடுங்கள்.

இன்னொரு தொல்லை நம் பேச்சு வழக்கால் வருவது. 'ஞாயிறு இரவு 12 மணிக்குப் போடு' என்று ஒருவர் சொன்னால், அவர் நினைப்பது ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கும் நொடி. நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டு 12:00 ஏஎம் என்று வைத்தால், அது சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நொடி. முழுசாக ஒரு நாள் முன்னதாகப் பக்கம் வெளியே வந்துவிடும். 'புதன் ராத்திரி 1 மணி' என்பதும் இதே கதைதான், கணினிக்கு அது வியாழன். நள்ளிரவு வெளியீடு என்றால் நான் 12:00 என்று வைப்பதே இல்லை. 12:05 என்று வைத்து, எந்தத் தேதியின் 12:05 என்று சொன்னவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வேன்.

வேர்ட்பிரஸில் செய்து பார்ப்போம்

அதிகம் பேர் பயன்படுத்துவது இதுதான் என்பதால் படிப்படியாகப் பார்க்கலாம். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் கொஞ்சம் இடம் மாறும், போகும் வழி மாறாது.

முதலில் உங்கள் கணக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இயல்பான அமைப்பில் 'காண்ட்ரிபியூட்டர்' எதையும் வெளியிட முடியாது, ஆகவே நேரமும் குறிக்க முடியாது. 'ஆத்தர்' பதிவுகளை மட்டும் வெளியிடலாம், பக்கங்களைத் தொட முடியாது. பக்கங்களுக்கு 'எடிட்டர்' அல்லது 'அட்மினிஸ்ட்ரேட்டர்' தகுதி வேண்டும். தேதிப் பெட்டியே கண்ணில் படவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

பக்கத்தை எழுதி முடித்து வரைவாகச் சேமியுங்கள். வலப்பக்கப் பட்டையில் 'பேஜ்' என்ற தாவலைத் திறந்தால், 'பப்ளிஷ்' என்பதற்கு எதிரே 'இம்மீடியட்லி' என்று இருக்கும். அதைத் தொட்டால் நாட்காட்டி விரியும். தேதி, மணி, நிமிடம், ஏஎம்/பிஎம் நான்கையும் பார்த்து வையுங்கள். வருங்கால நேரம் என்று புரிந்துகொண்டதும், மேலே இருக்கும் 'பப்ளிஷ்' பொத்தான் 'ஷெட்யூல்' என்று மாறிவிடும். மாறவில்லையென்றால் எங்கோ தப்பு, பெரும்பாலும் ஏஎம்/பிஎம்மில்தான். அந்த நிலையில் அழுத்தினால் பக்கம் உடனே வெளியே போய்விடும்.

அதே பட்டையில் பக்கத்தின் முகவரியையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழில் அமைந்து, பகிரும்போது சதவீதக் குறிகளாக நீண்டு நிற்கலாம். சின்னதாக ஒரு முகவரியை நீங்களே கொடுப்பது நல்லது. அதைத்தானே முன்கூட்டி அழைப்பிலும் சுவரொட்டியிலும் போடப் போகிறீர்கள்.

'ஷெட்யூல்' அழுத்தியதும் ஒரு உறுதிப்படுத்தும் பலகம் வரும், அதிலும் ஒரு முறை அழுத்த வேண்டும். புதியவர்கள் முதல் அழுத்தலோடு ஜன்னலை மூடிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். பக்கங்களின் பட்டியலுக்குப் போய், உங்கள் பக்கத்துக்கு எதிரே 'ஷெட்யூல்ட்' என்றும் சரியான தேதியும் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்திருங்கள்.

சரி, இனி அந்த மணி பார்க்கும் விவகாரம். தளத்துக்கு எப்போதும் ஆள் வந்துகொண்டிருந்தால் ஓரிரு நிமிடத் தாமதத்துக்கு மேல் இருக்காது. ஆள் வரத்து குறைந்த தளத்தில்தான் பிரச்சினை. அங்கே முதலில் வருபவரின் வருகை வேலையைத் தட்டி எழுப்புமே தவிர, அவருக்குப் பக்கம் கிடைக்காமலே போகலாம். அடுத்து வருபவருக்குத்தான் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், வேகமாக்கப்பட்ட தளங்களிலும் இதே தொல்லை வரும். கேஷ் பிளகின் (பக்கத்தின் நகலைச் சேமித்து வைக்கும் கூடுதல் நிரல்) அல்லது சிடிஎன் (நகல்களைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) சேமித்து வைத்த நகலை எடுத்துக் கொடுத்துவிட்டால் வேர்ட்பிரஸ் எழவே வேண்டியதில்லை. ஆயிரம் பேர் வந்து போனாலும் அதற்குத் தெரியாது.

இதற்கு நிரந்தரத் தீர்வு, சர்வரின் சொந்தக் கிரானை வேலைக்கு வைப்பது. கிரான் என்பது 1970-களிலேயே யூனிக்ஸில் வந்துவிட்ட பழைய கருவி. குறித்த நேரத்தில் குறித்த கட்டளையை ஓட்டுவது மட்டும்தான் அதன் வேலை. உங்கள் ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு இடம் கொடுக்கும் சேவையின், பலகத்தில் 'கிரான் ஜாப்ஸ்' என்ற பகுதியைத் தேடுங்கள். நேரத்துக்கு ஐந்து இடங்கள் இருக்கும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் */5 * * * * என்று வரும். கட்டளையாக, உங்கள் தளத்தின் டபிள்யூபி-கிரான் கோப்பைத் திறக்கும் வரியைக் கொடுக்க வேண்டும். அந்த வரியை எப்படி எழுதுவது என்பது ஹோஸ்டிங்குக்கு ஹோஸ்டிங் மாறும், அவர்களின் உதவிப் பக்கத்திலேயே பெரும்பாலும் தயாராகக் கிடைக்கும்.

அது ஓடுகிறது என்று உறுதியானதும், டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் 'டிஸேபிள் டபிள்யூபி கிரான்' (DISABLE_WP_CRON) என்ற மாறிலியை 'ட்ரூ' என்று வைத்து, வருகையாளரை நம்பியிருக்கும் பழைய ஏற்பாட்டை நிறுத்தலாம். வரிசை முக்கியம். முதலில் புதியதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். எங்கோ படித்துவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தவர்களின் தளத்தில் எந்தப் பக்கமும் நேரத்துக்கு வராது, காரணமும் லேசில் அகப்படாது.

சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் பூட்டு போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் வேலையைத் தொடங்குவது தன் தளத்தைத் தானே ஒரு முறை கூப்பிட்டுத்தான். வாசலில் பூட்டு தொங்கினால் அந்த அழைப்பும் வெளியிலேயே நின்றுவிடும். 'டூல்ஸ்' பகுதியில் உள்ள 'சைட் ஹெல்த்' பக்கம் இதை 'லூப்பேக்' கோளாறு என்று காட்டும்.

நிலைத்தளம் வைத்திருப்பவர்களுக்கு

ஹியூகோவில் ஒரு பக்கத்தின் முன்குறிப்பில், அதாவது கோப்பின் தலையில் இருக்கும் விவரப் பகுதியில், வருங்காலத் தேதி போட்டால், தளத்தை உருவாக்கும்போது அந்தப் பக்கத்தை அது விட்டுவிடும். தேதி வந்த பிறகு மறுபடி உருவாக்கினால் சேர்த்துக்கொள்ளும். ஆக, தேதி போடுவது பாதி வேலைதான். அந்த நேரத்துக்குப் பிறகு யாராவது ஒருவர் உருவாக்கும் கட்டளையைத் தட்ட வேண்டும். அந்த 'யாராவது' ஒரு தானியங்கியாக இருந்தால் நல்லது. தளத்தின் மூலக்கோப்புகளைக் கிட்ஹப் என்ற சேவையில் வைத்திருந்தால் அங்கேயே அதற்கு ஒரு வசதி உண்டு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் கிரான் வரி எழுதி, தினமும் குறித்த நேரத்தில் தளத்தை உருவாக்கி ஏற்றச் சொல்லலாம்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, அந்தக் கிரான் வரி இயல்பாக யுடிசி நேரத்தில் படிக்கப்படுகிறது. யுடிசி+5:30 மண்டலத்தில் காலை 9 என்பது அங்கே 3:30, ஆகவே 30 3 * * * என்று வரும். மணியை மட்டும் கழித்துவிட்டு அரை மணியை மறப்பது சர்வ சாதாரணம். பக்கத்தில் போடும் தேதியிலும் மண்டலத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள். தள அமைப்பிலும் மண்டலம் சொல்லாமல் விட்டால், ஹியூகோ அதை யுடிசி என்றே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, நெரிசல். மணி அடித்தவுடன், அதாவது 00-வது நிமிடத்தில், உலகெங்கும் எல்லோரும் வேலையை ஓட்டுவதால் அப்போது தாமதம் அதிகம். 7-வது நிமிடம், 37-வது நிமிடம் என்று யாரும் தேர்ந்தெடுக்காத நிமிடமாக வையுங்கள். பக்கத்தின் தேதி அதற்கு முன்னதாக இருக்கட்டும். பக்கம் 9:10, உருவாக்கம் 9:07 என்று வைத்தால் அந்தப் பக்கம் மறுநாள்தான் வரும்.

மூன்றாவது பொறி சத்தமில்லாமல் விழும். பொதுக் களஞ்சியம், அதாவது எல்லோரும் பார்க்கும்படி மூலக்கோப்புகளை வைக்கும் இடம், ஒன்றில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லாவிட்டால், இந்த நேரம் குறித்த ஓட்டத்தைக் கிட்ஹப் தானாக நிறுத்திவிடும். மூன்று மாதம் கழித்து வரவேண்டிய பக்கத்துக்கு நேரம் குறித்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

நொடி பிசகாமல் வெளிவர வேண்டியவற்றுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

பக்கம் மறைந்திருக்கும், படம் மறைந்திருக்காது

நேரம் குறித்த பக்கம் பூட்டிய பெட்டி இல்லை. வேர்ட்பிரஸில் பக்கம் வெளியே தெரியாமல் இருந்தாலும், அதில் சேர்க்க நீங்கள் ஏற்றிய படமும் பிடிஎஃப் கோப்பும் ஏற்றிய நொடியிலிருந்தே முகவரி தெரிந்தவர் யாருக்கும் திறக்கும். அந்த முகவரி வருடம், மாதம், கோப்பின் பெயர் என்று ஊகிக்கக்கூடியதாகவே இருக்கும். முடிவுப் பட்டியல் மாதிரி முன்கூட்டிக் கசியக்கூடாத கோப்பு என்றால், கடைசி நேரத்தில் கையால் ஏற்றுவதே உத்தமம். நிலைத்தளத்தின் மூலக்கோப்புகள் பொதுக் களஞ்சியத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், பக்கத்தின் எழுத்தே அங்கே எல்லோரும் படிக்கும்படி கிடக்கும்.

பக்கத்தைச் சுற்றியுள்ளவற்றையும் யோசியுங்கள். முகப்புப் பக்கத்தில் இப்போதே இணைப்பு கொடுத்துவிட்டால், நேரம் வரும்வரை அதைத் தொடுபவர்களுக்கு 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழைதான் கிடைக்கும். சில சிடிஎன்கள் அந்தப் பிழையையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, பக்கம் வெளியான பிறகும் கொஞ்ச நேரம் அதையே காட்டிக்கொண்டிருக்கும். முக்கியமான வெளியீடு என்றால், பக்கம் வந்ததும் கேஷைத் துடைக்க வழி தெரிந்து வைத்திருங்கள்.

ஏற்கெனவே வெளியில் இருக்கும் பக்கத்தில் நாளை முதல் புது விவரம் வர வேண்டும் என்றால் என்ன செய்வது? பலர் அதே பக்கத்தின் தேதியை நாளைக்கு மாற்றுகிறார்கள். வேர்ட்பிரஸில் அப்படிச் செய்தால் புது விவரம் காத்திருக்காது, பக்கமே இன்றிலிருந்து காணாமல் போய்விடும். இதற்குத் தனி வசதியோ பிளகினோ வேண்டும். குறித்த நாளில் பக்கத்தை இறக்குவதற்கும் வேர்ட்பிரஸில் தானாக வழியில்லை, 'பப்ளிஷ்பிரஸ் ஃபியூச்சர்' போன்ற பிளகின் துணை வேண்டும். ஜூம்லாவில் அது கையோடு வருகிறது, ஹியூகோவில் காலாவதித் தேதி போட்டு மறுபடி உருவாக்கினால் போதும்.

ஒத்திகை, தவறினால் மருந்து, ரத்து

ஒரு வெற்றுப் பக்கத்தை எழுதி, இப்போதிலிருந்து 10 நிமிடம் கழித்து வெளிவரும்படி வையுங்கள். தளத்தைத் திறக்காமல் காத்திருங்கள். நேரம் கடந்ததும் உலாவியின் தனிப்பட்ட ஜன்னலில், உள்நுழையாமல், அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். உள்நுழைந்த ஜன்னலில் பார்த்தால் வெளியாகாத பக்கமும் உங்களுக்குத் தெரியும், ஏமாந்துபோவீர்கள். தாமதம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். இந்தக் கால் மணி நேரத்தைச் செலவழிக்காமல் புதுத் தளத்தில் நான் எதற்கும் நேரம் குறிப்பதில்லை.

நேரம் தவறிய பக்கத்துக்கு எதிரே வேர்ட்பிரஸ் பட்டியலில் 'மிஸ்டு ஷெட்யூல்' என்று தெரியும். அந்த நிமிடத்தில் காரணம் தேட வேண்டாம். பக்கத்தைத் திறந்து கையால் வெளியிடுங்கள், முகப்பையும் கேஷையும் பாருங்கள், அப்புறம் நிதானமாகக் கிரானிடம் போகலாம். இந்தக் காரணத்தாலேயே, விழித்திருக்கும் ஒருவராவது எட்டிப் பார்க்கக்கூடிய நேரமாக வெளியீட்டை வைக்கச் சொல்வேன்.

ரத்து செய்யவேண்டி வரலாம். நிகழ்ச்சி தள்ளிப்போகும், துக்கச் செய்தி வரும், அந்த நாளில் கொண்டாட்ட அறிவிப்பு போடுவது பொருத்தமாக இருக்காது. குறித்தவர் ஊரில் இல்லாவிட்டாலும் நிறுத்தத் தெரிந்த இன்னொருவர் இருக்கட்டும். வேர்ட்பிரஸில் பக்கத்தின் நிலையை 'டிராஃப்ட்' என்று மாற்றிச் சேமித்தால் வெளியீடு நின்றுவிடும். ஆனால் குறித்த தேதி அழியாது, உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே பக்கத்தை வெளியிட்டால் பழைய தேதியோடு வெளியே வரும். அதனால் மறுபடி எடுக்கும்போது நாட்காட்டியைத் திறந்து 'நவ்' என்பதை அழுத்திவிட்டு, அதற்குப் பிறகு 'பப்ளிஷ்' பொத்தானுக்குப் போங்கள்.